தோத்த ஓட்டுகள் வீடு திரும்பின வாரம்

சங்குமேட்டுல நூத்தி எண்பத்தாறு வீடு, ஒரு காளியம்மன் கோயில், ஒரே ஒரு வாய். அந்த வாய் எங்க ஊர்த் தலைவர் வேதரத்தினத்தோடது. என்னைக்குக் கடலுக்குப் போகணும், என்னைக்கு வலையைத் தொடக்கூடாது, யார் வீட்டுச் சண்டையில யார் பக்கம் நியாயம், எல்லாம் பஞ்சாயத்துல பேசி அந்த வாய் வழியாத்தான் வெளிய வரும், வந்துட்டா மறுபேச்சு கிடையாது. ஓட்டுன்னா அதுக்கும் ஒரு படி மேல. தேர்தலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஆம்பள பொம்பள எல்லாரும் கோயில் முன்னால வரிசையா வந்து, எரியுற சூடத்தை உள்ளங்கையால அடிச்சு அணைச்சு, ஊர் சொன்ன சின்னத்துக்குத்தான் போடுவேன், மாத்திப் போட்டா காளி கேக்கட்டும்னு சத்தியம் பண்ணணும். நான் ஒன்பது தேர்தலுக்கு அடிச்சிருக்கேன், ஒன்பது தடவையும் சொன்ன இடத்துலதான் போட்டேன். என் பேரு கோமளவல்லி, கருவாடு போடுறவ, வாய் கொஞ்சம் நீளம்னு ஊர்ல பேச்சு. இருக்கட்டும், இந்தக் கதையில அந்த வாய் பண்ணுன பாவமும் இருக்கு, அதனால நான் சொல்றதுதான் முறை.

எங்க ஊரும் ஆலங்கரையோட சேத்துப் பக்கத்து மூணு ஊரும் ஒரே சாவடியில ஓட்டுப் போடுறோம். எண்ணும்போது நாலஞ்சு நூறு மாறி விழுந்திருந்தா, 'அதெல்லாம் ஆலங்கரைக்காரனுங்க வேலை'ன்னு சொல்லிட்டு நாங்க மீசையை முறுக்கிக்கிட்டு இருப்போம். ஊர் சொன்ன ஆளுதான் போன தடவையும் ஜெயிச்சாரு, அதனால எங்க பெருமைக்குக் குறைச்சல் இல்ல.

தேர்தலாகி மூணாவது வருஷம் ஆவணி பொறக்குற நேரத்துல ஹபீபான்னு ஒரு பொண்ணு தோள்ல பையும் கையில ஒரு கத்தை தாளுமா பஸ்ஸை விட்டு இறங்குச்சு. ஓட்டுப் போடுற முறையை மாத்தலாமா வேணாமா, ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு கவர்மெண்டு ஆராய்ச்சி பண்ணுதாம், அதுக்குக் கேள்வி கேக்க வந்திருக்காம். மொத்தம் பதினாலு கேள்வி. ஒருத்தருக்கு மட்டும் போடுறது போதுமா, இல்ல பிடிச்ச வரிசையில ஒன்னு ரெண்டு மூணுன்னு நம்பர் போட்டு, ஒன்னாவது ஆளு தேறலேன்னா உங்க ஓட்டு ரெண்டாவது ஆளுக்குப் போற மாதிரி வச்சா நல்லதா; நூத்துக்கு முப்பத்தஞ்சு வாங்குனவரு ஜெயிச்சா மிச்ச அறுபத்தஞ்சு பேர் மனசுல என்ன தோணுது; போன தடவை நீங்க போட்ட ஓட்டு என்ன ஆச்சுன்னு நினைக்கிறீங்க; இப்படிப் போகுது கேள்வி. தலைவர் அந்தத் தாளை வாங்கித் தூரமாப் பிடிச்சு வாசிச்சாரு, அன்னைக்குச் சாயங்காலமே பஞ்சாயத்தைக் கூட்டுனாரு, பதினாலு கேள்விக்கும் ஊர் ஒரே பதில்தான் சொல்லணும்னு முடிவாச்சு. பதில்: 'இப்ப இருக்கிறதே போதும்.'

மறுநாள் அந்தப் பொண்ணு வீடு வீடா ஏறி இறங்குச்சு, பாவம், நானூத்திப் பன்னெண்டு பேரும் அதையே சொன்னோம். உங்க வயசு என்னன்னு கேட்டதுக்கு எங்க வீட்டுக்காரர், இப்ப இருக்கிறதே போதும்னாரு. பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டதுக்கு எதிர்வீட்டுக்காரியும் அதையே சொன்னா, அதுலயாவது ஒரு அர்த்தம் இருந்துச்சு.

நானூத்திப் பன்னெண்டுன்னா சொன்னேன்? தப்பு. ஒன்னு குறைச்சுக்கங்க.

அடுத்த வீடு என் தம்பி ராசாங்கத்தோடது. அவன் பொண்டாட்டி அஞ்சுகம். அவ மக சிவரஞ்சனியை என் மகனுக்குக் கேட்டேன், 'பிள்ளைக்கு இஷ்டம் இல்லை அண்ணி'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சு வேற ஊர்ல குடுத்துட்டா, அதுல இருந்து அவளைக் கண்டா எனக்கு மூக்குமேல கோபம். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல தென்னங்கீத்துத் தட்டிதான் மறைப்பு. அன்னைக்கு நான் இந்தப் பக்கம் நெத்திலி பரப்பிக்கிட்டு இருந்தேன், அந்தப் பக்கம் ஹபீபா கேக்குது, அஞ்சுகம் பதிலே சொல்லல. அந்தப் பொண்ணு சலிச்சுப் போய், "அக்கா, உங்களுக்கும் இப்ப இருக்கிறதே போதும்னு எழுதிக்கிட்டுப் போயிடவா?"ன்னுச்சு.

"எழுதாத பாப்பா"ன்னா அஞ்சுகம். "நான் சொன்னது வெளிய போகாதுல்ல?"

"பேரே கிடையாதுக்கா இதுல. நம்பர்தான்."

அப்பத்தான் சொன்னா. சிவரஞ்சனி பொறந்தப்ப பிள்ளை குறுக்கால நின்னு, பனிக்குடம் உடைஞ்சு, புயல்ல ரோடு அறுந்து கிடந்த அன்னைக்கு இடுப்பளவு தண்ணியில நடந்து வந்து ரெண்டு உயிரையும் காப்பாத்துன நர்ஸு எஸ்தர் சிஸ்டர், ரிட்டயரான பின்னால சுயேச்சையா நின்னாங்களே, குழாய் சின்னத்துல, டெபாசிட் போச்சே, அவங்களுக்குத்தான் போட்டேன்னா. "சூடம் அடிச்ச கையாலதான் அமுக்குனேன். மூணு வருஷமாக் கோயில் பக்கம் நிமிர்ந்து பாக்க முடியல. நீ சொல்ற மாதிரி ஒன்னு ரெண்டுன்னு போட முடிஞ்சிருந்தா, சிஸ்டருக்கு ஒன்னு, ஊருக்கு ரெண்டு போட்டிருப்பேனே. மனசும் நின்னிருக்கும், சத்தியமும் கொஞ்சமாவது நின்னிருக்கும்."

எனக்கு நெத்திலி மறந்துபோச்சு. அடிப்பாவி, இத்தனை அழுத்தக்காரியான்னு வாய்மேல கை வச்சேன். ஆனா யார்கிட்டயும் சொல்லல, இருக்கட்டும் ஒரு நாளைக்கு ஆகும்னு முடிஞ்சு வச்சுக்கிட்டேன்.

ஹபீபா அடுத்து ஆலங்கரைக்குப் போச்சு, அங்க ஆளாளுக்கு மனசுல இருந்ததைச் சொன்னாங்க. அடுத்த வாரம் அங்க தோத்த ஓட்டுகள் வீடு திரும்ப ஆரம்பிச்சுது.

ஓட்டு மெஷின்ல பட்டனை அமுக்குனா பக்கத்துல ஒரு சின்னச் சிவப்பு லைட்டு எரியும், பாத்திருப்பீங்க. அதே லைட்டு, மெஷின் இல்லாம. பொழுது சாயுற நேரத்துல தாலுக்கா ஆபீஸ் இருக்கிற திக்குல இருந்து ஆள் உசரத்துக்கு மிதந்து மிதந்து வந்து, அவங்கவங்க வீட்டு வாசலைக் கண்டுபிடிச்சு, போட்டவங்க தோள்லயோ தலையிலயோ உக்காந்துக்கிச்சாம். ஜெயிச்ச ஆளுக்குப் போட்டவங்களுக்கு வரல, தோத்தவங்களுக்குப் போட்டவங்களுக்கு மட்டும் வந்துச்சு, அதனால அது என்னன்னு யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கல. தொட்டாச் சுடாது, வறுத்த நிலக்கடலையைக் கையில வச்ச சூடுதான். காத்துக்கு அணையாது, மழைக்கு நனையாது. ரெண்டே நாள்ல ஆலங்கரைப் பொம்பளைங்க அதை அடுப்படியில வச்சு மீன் ஆய்ஞ்சாங்க, பிள்ளைங்க அதுல பாடம் படிச்சுதுங்க, கரண்டு போனா யாரும் கத்தல. மாமியார் தலையில ஒன்னு மருமக தலையில ஒன்னு உக்காந்திருந்த வீட்ல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து, 'நீங்களுமா?'ன்னு கேட்டுட்டுச் சிரிச்சாங்களாம். டீக்கடையில நின்னு எண்ணுனவங்க, தெருவுல வெளிச்சம் இருக்கிற தலைங்கதான் ஜாஸ்தி, இருட்டுத் தலை கம்மின்னு கண்டு, ஜெயிச்சது யாருன்னு ரொம்ப நேரம் யோசிச்சிருக்காங்க. ஆபீசருங்க ஜீப்புல வந்து பாத்தாங்க, ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல, கடைசியில 'பிற, விவரம் எழுதவும்'னு இருந்த இடத்துல 'வெளிச்சம்'னு எழுதிக்கிட்டுப் போனாங்க.

எங்க ஊருக்கு ஒன்னும் வரல. "பாத்தீங்களா, நம்ம ஓட்டு ஒன்னுகூட வீணாகல"ன்னு தலைவர் கோயில் திட்டுல உக்காந்து சொன்னாரு. நாங்களும் ஆமாம்னோம். ஆனா சாயங்காலமானா ஆளாளுக்கு ஏதாவது சாக்குச் சொல்லி ஆலங்கரைப் பக்கம் நடந்துட்டுத்தான் வந்தோம். நானே மூணு தடவை போனேன், பொய் சொல்லக்கூடாது.

திங்கக்கிழமை பொழுது சாயுற நேரம், எங்க ஊருக்கும் ஒன்னு வந்துச்சு. ஒன்னே ஒன்னு. கோயிலைத் தாண்டி, வலை பின்னிக்கிட்டு இருந்தவங்களைத் தாண்டி, ஒவ்வொரு வாசலா நின்னு நின்னு வந்து, எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல அந்தக் கீத்துத் தட்டி மேல வந்து நின்னுருச்சு. இந்தப் பக்கமும் இறங்கல, அந்தப் பக்கமும் இறங்கல. ஊரே பின்னால வந்து கூடிருச்சு.

தலைவர் கேட்டாரு: "ரெண்டு வீட்ல யாரு?"

சூடத்தை அணைச்சுச் சொன்ன சத்தியத்தை மீறுனா ஊர் விலக்கு. அந்த வீட்டு ஆம்பளையை யாரும் கடலுக்குப் போற போட்டுல ஏத்த மாட்டாங்க, தண்ணிக்குழாய்ல குடம் வைக்க விடமாட்டாங்க, நல்லது கெட்டதுக்கு எவரும் படி ஏற மாட்டாங்க. சிவரஞ்சனிக்கு ஏழாம் மாசம், வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு, அதுக்குத்தான் தாய்வீட்டுக்கு வந்திருக்கு, ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னு என்னையே பாக்குறா. அஞ்சுகமும் பாக்குறா. அது என் பக்கம் இறங்கிட்டா என் வீடுல்ல போச்சு?

"அவதான்"னேன். "என் காதால கேட்டேன். எஸ்தர் சிஸ்டருக்குப் போட்டேன்னு அவ வாயால சொன்னா."

பயத்துலதான் சொன்னேன்னு அன்னைக்கு நினைச்சேன். பாதி கோபம். இப்பச் சொல்றதுக்கு என்ன, முக்கால்வாசி கோபம்.

அஞ்சுகம் ஒரு வார்த்தை திட்டல. கையை நீட்டுனா. அது இறங்கி அவ உள்ளங்கையில, சூடம் அடிச்ச அதே இடத்துல, குருவி மாதிரி உக்காந்துச்சு. அவ முகம் சிவந்து போய், அழுறாளா சிரிக்கிறாளான்னு தெரியல. "வந்துட்டியா?"ன்னு அதுகிட்டக் கேட்டா. தலைவர் விலக்குன்னு சொன்னது யார் காதுலயும் சரியா விழல, அதனால ரெண்டாவது தடவை சத்தமாச் சொன்னாரு.

செவ்வாக்கிழமை என் தம்பி கரையில நின்னான், போட்டு அவனை விட்டுட்டுப் போச்சு. அவன் என்னை ஒரு பார்வை பாத்தான், 'அக்கா'ன்னு கூப்பிடல. வளையல்காரர் பாதி வழியில திரும்பிட்டாரு. சிவரஞ்சனி எங்கயோ தூரத்துல போய்த் தண்ணி எடுத்துட்டு வர்றா, ஏழு மாச வயித்தோட, எனக்குச் சோறு இறங்கல. ஆனா சாயங்காலமானா அவ வீட்டுச் சன்னல் வழியா அந்தச் சிவப்பு வெளிச்சம் மணல்ல விழும். விலக்கு வச்ச வீட்டைத் திரும்பிப் பாக்கக்கூடாது, அதனால யாரும் பாக்கல, ஆனா அந்தப் பக்கமா நடக்காத ஆளும் ஊர்ல இல்ல. ஆடு தேடுறேன்னாங்க, செருப்பு அறுந்துபோச்சுன்னாங்க. தலைவர் சம்சாரம் பார்வதி, எந்த நாளும் ஆடு வளக்காதவ, அவளும் ஆடு தேடுனா.

புதன்கிழமை ஹபீபா திரும்ப வந்துச்சு. ஒரே பதில் நானூத்திப் பதினொன்னு வந்திருக்கு, இது கணக்குல சேராது, ஒவ்வொருத்தரையும் தனியா வச்சுத் திரும்பக் கேட்டுட்டு வான்னு மேலதிகாரி திட்டி அனுப்பியிருக்காரு. அது யார் வீட்டுக்கும் போகல. கரையில கவுத்துப் போட்டிருந்த பழைய போட்டு மறைவுல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிச்சு, வர்றவங்க ஒவ்வொருத்தரா வாங்கன்னுச்சு. தலைவர் இந்தத் தடவை என்ன பதில்னு சொல்லவே இல்ல, அவருக்கும் என்னமோ ஆயிருந்துச்சு. புதன் பூராவும், வியாழன் பூராவும் ஜனங்க ஒருத்தர் பின்னால ஒருத்தரா அந்தப் போட்டு மறைவுக்குப் போனாங்க, மூஞ்சி கழுவிட்டுப் போனவங்களும் உண்டு, உள்ள என்ன பேசுனாங்கன்னு அலை சத்தத்துல ஒன்னும் கேக்கல, வெளிய வரும்போது எல்லார் நடையும் லேசா இருந்துச்சு. சொன்னா வரும்னு தெரிஞ்சே சொன்னாங்களா, சொல்லாம இருக்க முடியாமச் சொன்னாங்களா, நான் எத்தனையோ பேரைக் கேட்டுட்டேன், சிரிச்சுட்டுப் போயிடுறாங்க.

நானும் போனேன். என் முறை வந்தப்ப, "ஊர் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டேன், ஒன்பது தடவையும்"னேன்.

"உங்களுக்குப் பிடிச்சுப் போட்டீங்களாக்கா?"

"பிடிக்குதா பிடிக்கலையான்னு என்னை யாரும் கேட்டதில்லையே"ன்னேன். அந்தப் பொண்ணு பேனாவை வச்சுட்டு என்னையே பாத்துச்சு. நான் முந்தானையை உதறிக்கிட்டு எழுந்து வந்துட்டேன்.

வியாழக்கிழமை பொழுது சாயுது. மேக்கால வானம் சிவந்து கிடந்ததால முதல்ல யாருக்கும் தெரியல. அப்புறம் வானம் கறுத்துச்சு, சிவப்பு மட்டும் போகல. சவுக்குத் தோப்புக்கு மேல, உப்பளத்து வரப்பு மேல, ரோட்டு மேல, பஸ் கண்ணாடியைச் சுத்தி, ஒன்னு பத்து நூறுன்னு வருது, வந்துக்கிட்டே இருக்குது, கடல்ல வலை இழுக்கும்போது மீன் திரண்டு வர்ற மாதிரி எங்க ஊரைப் பாத்துத் திரண்டு வருது. நாய்ங்க குரைக்கல. அலைகூட அடங்கித்தான் கிடந்துச்சு, நம்பலேன்னா போங்க. ஜனங்க வாசல்ல வந்து நின்னாங்க. எதிர்வீட்டுக்காரி தலையில ஒன்னு இறங்குச்சு, அவ புருஷன் மூக்குமேல ஒன்னு. கோயில் பூசாரி தட்டுல ஒன்னு வந்து உக்காந்தப்ப அவரு அதைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. சூடம் அடிக்க எப்பவும் முதல் ஆளா வர்ற பார்வதிக்கு ஒன்னு. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வெளிச்சத்துல அடுத்தவங்க மூஞ்சியைப் பாத்தாங்க, மூணு வருஷமாத் தான் மட்டும்தான் பாவின்னு நினைச்சுக்கிட்டு இருந்த அத்தனை பேரும் பாத்தாங்க. இருநூத்தி அறுபத்தெட்டு. அத்தனையும் எஸ்தர் சிஸ்டருக்கு இல்ல, ஆளுக்கு ஒரு பக்கம் போட்டிருக்காங்க. எம்மாடி, சாவடியில ஒரு தட்டி மறைவுல ஒரு விரலால அமுக்குனதை ஒரு ஜனம் இவ்வளவு ரகசியமாத் தாங்குமா?

எங்க வீட்டுக்காரர் காதுமேல ஒன்னு வந்து உக்காந்துச்சு. முப்பத்தோரு வருஷம் ஒரே தட்டுல சோறு போட்டவ நான். "நீங்களுமா?"ன்னேன். "உன் வாய்க்குப் பயந்து சொல்லல"ன்னாரு.

கடைசியா வந்த ஒன்னு, தலைவர் தோள்ல இறங்குச்சு. அவரு துண்டால தட்டிவிட்டாரு, அது அந்தத் தோளுக்குப் போச்சு. அந்தத் தோளைத் தட்டுனாரு, இந்தத் தோளுக்கு வந்துச்சு. ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. அவரு துண்டை இடுப்புல சுத்திக்கிட்டுச் சொன்னாரு: "எல்லாருக்கும் சூடத்தை நீட்டுனது நான். எனக்கு யாரும் நீட்டல."

யாரு முதல்ல சிரிச்சாங்கன்னு தெரியல. ஆனா அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கரையில நான் கேட்டதே இல்ல, சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. ஊரே ஊரை எப்படி விலக்கி வைக்கிறது? விலக்கை எடுத்துட்டோம்னு யாரும் அறிவிக்கல, பார்வதி ஒரு குடம் தண்ணியைத் தூக்கிக்கிட்டு அஞ்சுகம் வீட்டுப் படி ஏறுனா, அவ்வளவுதான்.

நான் இருட்டுல நின்னேன். சொன்ன சொல் தவறாதவ, ஒன்பது தடவையும் சத்தியத்தைக் காப்பாத்துனவ, காட்டிக் குடுத்தவ. ஹபீபா கடைசி பஸ்ஸை விட்டுட்டு ஆன்னு பாத்துக்கிட்டு நின்னுச்சு. "எனக்கு ஏன் பாப்பா வரல?"ன்னு கேட்டேன்.

"உங்களுது ஜெயிச்சிருச்சுக்கா"ன்னுச்சு. "ஜெயிச்சது தானாத் திரும்பி வராது. நீங்கதான் அதைத் தேடிக்கிட்டுப் போகணும்."

வெள்ளிக்கிழமை காலையில நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். பக்கத்து வீட்ல மேளம் இல்லாமலே கலகலன்னு கிடக்கு, சந்தன வாசம் தட்டியைத் தாண்டி வருது. அப்பா கூடப் பிறந்த அத்தைதான் வளைகாப்புல முதல் வளையல் போடணும், எங்க பக்கத்து முறை அது. அதை நினைச்சேன், எந்த மூஞ்சியோட போறதுன்னும் நினைச்சேன். அப்பத் தட்டியை விலக்கிக்கிட்டு சிவரஞ்சனியே வந்து நின்னா, பட்டுப்புடவையில, வயிறு முன்னால நிக்க.

"கிளம்பலையா அத்தை?"

"யாருடி என்னைக் கூப்பிட்டது?"

"நான்தான்"னா. "முதல் வளையல் யாரு போடணும்னு அம்மா கேட்டுச்சு. எஸ்தர் சிஸ்டர்னு சொன்னேன். அவங்களுக்குக் கண்ணு ஆபரேஷன், வர முடியாதுன்னுட்டாங்க. சரி, ரெண்டாவது யாருன்னு கேட்டுச்சு. உங்க பேரைச் சொன்னேன்."

"உங்க அம்மா என்ன சொன்னா?"

"சந்தனத்தைக் கரைச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம், 'நான் கேட்டுட்டேன், நீ சொல்லிட்ட, இனி அதுதான்'னுச்சு."

ஒன்னாவதா இல்லாமப் போனதுக்கு ஒரு வாரம் முன்னாடின்னா நான் ஊரையே ரெண்டு பண்ணியிருப்பேன். அன்னைக்கு முகத்தைக் கழுவிட்டு எழுந்து அவ பின்னாலயே போனேன். கூடம் முழுக்கப் பொம்பளைங்க, ஒவ்வொரு தலையிலயும் வெளிச்சம். அஞ்சுகம் என்னை நிமிர்ந்து பாக்கல, வளையல் தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்துனா. நான் சிவரஞ்சனி கையைப் பிடிச்சு, பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்னை எடுத்து விரல்ல மாட்டுறேன், விரல் முட்டியைத் தாண்டி ஏற மாட்டேங்குது. எதிர்ல இருந்து ஒரு கை வந்து பிள்ளையோட மணிக்கட்டை ஆடாமப் பிடிச்சுக்கிச்சு, அந்த உள்ளங்கைச் சூடு என் விரல்ல பட்டுச்சு.

"மெதுவா அண்ணி"ன்னா அஞ்சுகம். "உடைச்சிடாதீங்க."

திங்கக்கிழமைக்கு அப்புறம் அவ என்கிட்டப் பேசுன முதல் பேச்சு அது. நான் மெதுவாத்தான் போட்டேன்.